மோரே எல்லையில் வேலி வந்தால் பாதுகாப்பு கூடுமா, பிழைப்பு குறையுமா?

கேள்வி: வாசிப்பவன்

இந்திய–மியான்மர் எல்லையைப் பற்றிக் கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றுக்காகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் ஆகிய நான்கு மாநிலங்களை ஒட்டிச் செல்லும் இந்த எல்லையின் நீளம் 1,643 கி.மீ. எல்லையின் இருபுறமும் வாழும் மலைவாழ் மக்கள் விசா இல்லாமலே குறிப்பிட்ட தொலைவு வரை சென்று வரலாம் என்ற தடையற்ற நடமாட்ட ஏற்பாடு நெடுங்காலமாக இருந்துவந்தது. 2024 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா எல்லை முழுவதற்கும் வேலி போடப்படும் என்றும் இந்த ஏற்பாடு முடிவுக்கு வருகிறது என்றும் அறிவித்தார். அதே மாத இறுதியில் மிசோரம் சட்டமன்றமும், மார்ச் முதல் நாளன்று நாகாலாந்து சட்டமன்றமும் இதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. மணிப்பூர் அரசோ வரவேற்றது.

செய்திகளைப் படிக்கும்போது ஒரு தரப்பு போதைப்பொருள், ஆயுதம், ஊடுருவல் என்று மட்டும் பேசுகிறது. மறுதரப்பு உறவு, பண்பாடு என்று மட்டும் பேசுகிறது. எல்லையை நம்பிக் கடை வைத்திருப்பவர்களும் சுமை தூக்குபவர்களும் இவ்விரண்டு பேச்சிலும் காணாமல் போய்விடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தமிழர்கள் வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பகுதியை நேரில் அறிந்தவர்கள் இருந்தால், வேலியும் அனுமதிச் சீட்டும் அங்கே உண்மையில் எதை மாற்றும் என்று சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: மோரே பேத்தி

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தாத்தா ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1962இல் ராணுவத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் தேசியமயமாயின. அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. இந்திய வம்சாவளியினர் லட்சக்கணக்கில் பர்மாவை விட்டுக் கிளம்பிய காலம் அது. சென்னையில் கப்பலை விட்டு இறங்கிய தாத்தாவுக்கு இங்கே நிலமும் இல்லை, தெரிந்த தொழிலும் இல்லை. அவரைப் போன்ற பலர் திமாப்பூர் வரை ரயிலிலும், பிறகு இம்பால் வழியாகவும் போய், நடந்தாவது மறுபடி பர்மாவுக்குள் நுழைந்துவிடலாம் என்று கிளம்பினார்கள். எல்லையில் பர்மியப் படையினர் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிப் போக மனமில்லாமல் எல்லைக்கு இந்தப் பக்கமே குடிசை போட்டுத் தங்கியவர்களின் வாரிசுகள் நாங்கள். அங்காள பரமேஸ்வரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் அப்படித்தான் மோரேக்கு வந்தன.

எங்கள் பிழைப்பு எதில் இருந்தது என்பதைச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். எங்கள் பெரியவர்களுக்குத் தமிழும் தெரியும், பர்மிய மொழியும் தெரியும். மணிப்புரியும் கொஞ்ச காலத்தில் வந்துவிட்டது. அந்தப் பக்கத்து வியாபாரிக்கும் இம்பால் வியாபாரிக்கும் நடுவில் நின்று பேசி முடிப்பதே எங்கள் மூலதனம். எல்லையில் உள்ள இரண்டாம் எண் வாயிலைத் தாண்டினால் நாம்பலாங் சந்தை. அதற்கு அப்பால் சில கி.மீ. தொலைவில் தமு நகரம். காலையில் வாயில் திறக்கும் முன்பே வரிசை நின்றுவிடும். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போவோம். மாலையில் வாங்கிக்கொண்டு திரும்புவோம். பர்மாவில் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஆகவே அம்மா இரண்டு நேரத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேரம் பேசுவார். கன்னத்தில் தனகா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசிய கடைக்காரப் பெண்மணி ‘ஐந்தாகிவிட்டது, கிளம்பு’ என்று சொல்லும்போது எங்கள் மணி நான்குதான் ஆகியிருக்கும். இங்கிருந்து மருந்து, நூல், சைக்கிள் உதிரிப் பாகங்கள் போகும். அங்கிருந்து போர்வை, செருப்பு, இஞ்சி, பாக்கு, பயறு வரும். தலைச்சுமையாகவும் கைவண்டியிலுமாக நடந்த இந்த வியாபாரம்தான் ஊரில் பாதி அடுப்பை எரிய வைத்தது.

இந்த வாயில் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 2022 ஜூலையில் எங்கள் ஊரைச் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் இருவர் தமுவுக்குப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே 3இல் மணிப்பூரில் தொடங்கிய இனக் கலவரத்தில் மோரேயிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வேலி பற்றிய அறிவிப்பு வந்தபோது எங்கள் சந்தை ஏற்கெனவே செத்துக் கிடந்தது. வேலியால் பிழைப்பு போயிற்று என்று யாராவது எழுதினால் அது முழு உண்மையாகாது. கட்டுரையில் இதைக் கவனமாகச் சொல்லுங்கள்.

பதில்: பழைய காவலன்

அம்மா, உங்கள் குடும்பக் கதையைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. நான் பாதுகாப்புப் பணியில் மணிப்பூரில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி, 2023இல் ஆப்கானிஸ்தானைப் பின்னுக்குத் தள்ளி மியான்மர் உலகிலேயே அதிகமாக அபின் விளையும் நாடாகிவிட்டது. அந்த ஆண்டு விளைச்சல் 1,080 டன். ஹெராயினும் ‘யாபா’ என்கிற போதை மாத்திரையும் இந்த மலைகளைக் கடந்துதான் இம்பாலுக்கும் மிசோரம் தலைநகர் ஐசாலுக்கும் அங்கிருந்து மற்ற ஊர்களுக்கும் வருகின்றன. இந்தப் பக்கத்தில் தாக்குதல் நடத்திவிட்டு அந்தப் பக்கத்து முகாமுக்குத் திரும்பிவிடும் ஆயுதக் குழுக்களின் நடமாட்டத்தையும் அரை நூற்றாண்டாகப் பார்த்துவருகிறோம். அசாம் ரைபிள்ஸ் படைக்கு இந்த எல்லையைக் காப்பதோடு உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்கும் பொறுப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்கு மழைக்காலத்தில் நடந்து போவதற்கே நாட்கள் ஆகும். மூங்கில் காட்டுக்குள் எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட நிலத்தில் யார் விருந்தாளி, யார் கடத்தல்காரர் என்று ரோந்து போகும் சிப்பாய் எதை வைத்துப் பிரித்தறிவார்?

நடமாட்ட ஏற்பாட்டைக் கைக்குள் கொண்டுவரும் முயற்சியும் புதிதன்று. முதலில் 40 கி.மீ. என்று இருந்த வரம்பு 2004இல் 16 கி.மீ. ஆனது. 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளின்படி, எல்லையிலிருந்து 10 கி.மீ.க்குள் வாழ்பவர்கள் மட்டும், கைரேகை போன்ற உடல் அடையாளங்களைப் பதிவு செய்துகொண்டு, 7 நாள் அனுமதிச் சீட்டோடு, குறிப்பிட்ட இடங்களின் வழியே கடக்கலாம். ஆக, நடமாட்டம் முழுவதுமாக நின்றுவிடவில்லை, பதிவுக்குள் வந்திருக்கிறது. இதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

வேலியைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. மோரேக்கு அருகே முதல் 10 கி.மீ. போடவே ஆண்டுகள் ஆயின. நிலச்சரிவு ஏற்படும் சரிவுகளில் போட்ட வேலியை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பராமரிக்க வேண்டும். காவல் இல்லாத வேலியை அறுப்பதற்குக் கத்தரிக்கோல் போதும். செலவிடும் பணத்தைச் சாலைக்கும் முகாமுக்கும் கண்காணிப்புக் கருவிகளுக்கும் முதலில் செலவிட்டிருந்தால் பயன் கூடியிருக்கும் என்பது என் கருத்து.

பதில்: சுங்கக் கணக்கு

எல்லை வியாபாரத்தில் முகவராக இருந்தவன் என்ற முறையில் பொருளாதாரப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் மேலே இரண்டு பேரும் தொடாத ஒரு முடிச்சு இதில் இருக்கிறது.

இந்தியாவும் மியான்மரும் 1994 ஜனவரியில் எல்லை வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. 1995 ஏப்ரலில் மோரே–தமு வழியாக அது நடைமுறைக்கு வந்தது. முதலில் 22 பொருட்களுக்கு மட்டுமே அனுமதி. பட்டியல் பின்னர் 40 ஆகவும், அதன்பின் 62 ஆகவும் நீண்டது. பண்டமாற்று முறை என்பதால் வங்கியின் தொல்லை அதிகம் இல்லை. 2015 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி அந்தப் பண்டமாற்றை நிறுத்திவிட்டு, வழக்கமான இறக்குமதி–ஏற்றுமதி முறைக்கு மாறச் சொன்னது. காகிதத்தில் இது முன்னேற்றம்தான். ஆனால் இரண்டு மூட்டைப் பயறு வாங்கும் சிறு வியாபாரிக்கு ஏற்றுமதி–இறக்குமதி உரிமமும் வங்கி தரும் கடன் உறுதிக் கடிதமும் எட்டாத உயரம். இரு பக்க வங்கிகளுக்கும் இடையே நேரடித் தொடர்பும் பலவீனமாகவே இருந்தது. பணம் எப்படிப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் கைமாற்றும் உண்டியல் முறையில்தான். முன்பு சுங்கப் பேரேட்டில் ஏறிய சரக்கு, சட்டம் ஒழுங்கான பிறகு பேரேட்டை விட்டு இறங்கிவிட்டது.

பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விவசாயியைக் காப்பதற்காக, கிலோவுக்கு 351 ரூபாய்க்குக் குறைந்த விலையில் பாக்கை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் விதித்தார்கள். சுங்க வரி வேறு. காரணம் நியாயமானதே. ஆனால் அந்தப் பக்கம் மலிவாகவும் இந்தப் பக்கம் விலை கூடுதலாகவும் இருக்கும் வரை, நடுவில் இருக்கும் காடு சும்மா இருக்காது. மிசோரம் வழியாக மூட்டை மூட்டையாக பர்மியப் பாக்கு பிடிபடும் செய்தி அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

மோரேயில் 2019 ஜனவரியில் திறந்த ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி நல்ல கட்டடம். கிடங்கு உண்டு, எடைமேடை உண்டு, குடியேற்ற அலுவலகமும் உண்டு. ஓராண்டு சற்றுக் கடந்ததும் எல்லையே மூடப்பட்டுவிட்டது. மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிட்ட முத்தரப்பு நெடுஞ்சாலையும் மியான்மர் உள்நாட்டுப் போரில் சிக்கி நிற்கிறது. எல்லா வாகனங்களும் நுழையக்கூடிய ஒரு வாயில் திறந்திருந்தால் சரக்கின் பெயர், எடை, ஓட்டுநரின் முகம் ஆகிய மூன்றும் அரசுக்குத் தெரியும். வாயில் மூடியிருக்கும்போது சரக்கு நிற்பதில்லை; அரசுக்குத் தெரிவது மட்டும் நின்றுபோகிறது. பழைய காவலன் ஐயா சொன்ன பாதுகாப்புக்கே முதலில் வேண்டியது இயங்கும் சாவடிதான் என்று நான் நம்புகிறேன்.

பதில்: குன்றூர் ஆசிரியை

குடிபெயர்வு என்ற சொல்லைக் கேள்வியில் மறைமுகமாகவே கேட்டிருக்கிறீர்கள். ஐசாலில் சில ஆண்டுகள் பள்ளியில் வேலை பார்த்தேன். 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மியான்மரின் சின் மாநிலத்திலிருந்து வந்த 30,000க்கும் மேற்பட்டோருக்கு மிசோரம் இடம் கொடுத்தது. மிசோக்களும் சின் மக்களும் தங்களை ஒரே குலத்தவராகக் கருதுகிறார்கள். தேவாலயங்களும் ஊர் இளைஞர் சங்கமும் அரிசி திரட்டின. எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். இடமாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. கையில் இருந்தது, மழையில் நனைந்து மை கலைந்த ஒரு மதிப்பெண் அட்டை. எந்த வகுப்பில் சேர்ப்பது என்று தெரியாமல், கணக்குப் போடச் சொல்லிப் பார்த்துச் சேர்த்தோம்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆகவே உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரும், வேலை தேடி வந்தவரும், கடத்தலுக்கு வந்தவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே மாதிரியான அயல்நாட்டவர்தாம். மணிப்பூரில் இந்தக் கேள்வி இனப் பகையோடு பின்னிக்கொண்டுவிட்டதால், எல்லையின் இருபுறமும் வாழும் குக்கி இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் அங்கே தான் இந்தியக் குடும்பம்தான் என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது. வேலி போடுகிறார்களோ இல்லையோ, உள்ளே வந்துவிட்டவருக்குத் தற்காலிக அடையாளச் சீட்டு ஒன்றைக் கொடுக்க ஒரு சட்டம் முதலில் வர வேண்டும். அது இல்லாமல் எடுக்கும் கைரேகை, துரத்துவதற்கு மட்டுமே பயன்படும் என்ற பயத்தில் மக்கள் பதிவுக்கே வர மாட்டார்கள்.

மறுமொழி: வாசிப்பவன்

அனைவருக்கும் நன்றி. சுங்கக் கணக்கு ஐயாவின் வாதத்தை மையமாக வைத்துக் கட்டுரையைத் திருத்தி எழுதப் போகிறேன். மோரே பேத்தி அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: புதிய அனுமதிச் சீட்டு முறை உங்கள் குடும்பத்தைப் போன்றவர்களுக்குப் பயன்படுமா?

பதில்: மோரே பேத்தி

10 கி.மீ.க்குள் வாழ்பவர்களுக்கு என்பதால் மோரேக்காரர்களுக்குத் தொலைவைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. சீட்டு கையில் இருந்தாலும் அந்தப் பக்கம் வியாபாரம் செய்ய ஆள் இருக்க வேண்டுமே. தமுவைச் சுற்றி ராணுவமும் எதிர்ப்புக் குழுக்களும் மோதிக்கொள்கின்றன. அம்மாவின் பழைய வாடிக்கைக்காரப் பெண்மணி கடையைப் பூட்டிவிட்டு எங்கே போனார் என்று இன்று வரை தகவல் இல்லை. அவர் எங்களுக்குக் கொஞ்சம் பணம் தர வேண்டும், நாங்கள் அவருக்கு இரண்டு கட்டு நூல் தர வேண்டும். அந்தக் கணக்கு நோட்டு இன்னும் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. வாயில் திறக்கும் நாளில் முதலில் எடுத்துப் போக வேண்டியது அதைத்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பழைய காவலன் ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விருந்தாளியையும் கடத்தல்காரரையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த நாட்களில் வாயிலில் அட்டை வாங்கி வைத்த சிப்பாய்க்கு எங்கள் அம்மாவின் பெயர் தெரியும். மாலையில் அட்டை எடுக்கப்படாமல் கிடந்தால், யார் இன்னும் திரும்பவில்லை என்று எங்கள் தெருவுக்கே ஆள் அனுப்பிக் கேட்பார்.