திருச்சி வீட்டை விற்க மட்டக்களப்பிலிருந்து அற்றோணித் தத்துவம்: எங்கெங்கே முத்திரை வேண்டும்?

கல்லடிவாசி (கேள்வி)
திருச்சியில் அம்மாவின் பெயரிலும் மாமாவின் பெயரிலும் கூட்டாக ஒரு வீடு இருக்கிறது. விற்க யோசிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, இந்தியா போகமாட்டா. மாமாவுக்கு அற்றோணித் தத்துவம் (ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்தால் அம்மாவின் பங்குக்கும் அவரே கையெழுத்து வைக்கலாம் என்கிறார்கள். இங்கே ஒரு ஜே.பி.யிடம் (சமாதான நீதவானிடம்) முத்திரை குத்தி அனுப்பினால் போதுமா? அம்மா கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா?

நொச்சிமுனை
ஜே.பி. முத்திரை போதாது தம்பி. இந்தியப் பதிவுச் சட்டம் 1908, பிரிவு 33-ன்படி, இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர் கொடுக்கும் தத்துவம் நொத்தாரிஸ், நீதிமன்றம், நீதவான் அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்தாகி அவரால் அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டும்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, அம்மா நேரே இந்தியத் தூதரகத்துக்குப் போய் அங்கே அதிகாரி முன் கையெழுத்து வைப்பது. இதில் பலர் வீட்டிலேயே கையெழுத்து வைத்துவிட்டுக் கொண்டுபோவார்கள், அதை ஏற்கமாட்டார்கள். கையெழுத்திடும் இடத்தை வெறுமையாக விட்டுக் கொண்டுபோக வேண்டும்.

மற்றது, மட்டக்களப்பு நொத்தாரிஸ் முன் இரண்டு சாட்சிகளோடு எழுதி, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி எடுத்து, பிறகு இந்தியத் தூதரகத்தில் முத்திரை பெறுவது. அம்மாவின் நிலைமைக்கு இதுதான் சரி. அம்மா இங்கே இருக்கும் வீடு அவருடைய அதிகாரப் பிரதேசத்துக்குள் இருந்தால் நொத்தாரிஸ் வீட்டுக்கே வரலாம். அதற்குப் பிறகு கடதாசியை நீங்கள் கொண்டு திரியலாம். கொன்சியூலர் பிரிவு பத்தரமுல்லை சுகுருபாயவில் இருக்கிறது. திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு, உங்களுக்கு அது கிட்ட. போகுமுன் இணையத்தில் நேரம் பதியுங்கள்.

ஒவ்வொரு முத்திரையும் அதற்கு முந்தின கையெழுத்தை மட்டுமே உறுதிப்படுத்துகிறது, உள்ளே எழுதியதை அல்ல. அதனால் எழுதுமுன்னமே இரண்டு இடங்களில் கேளுங்கள்: நீங்கள் பிடிக்கும் நொத்தாரிஸின் கையெழுத்தை அமைச்சு நேரே ஏற்குமா, இடையில் வேறு அலுவலகத்தின் அத்தாட்சி வேண்டுமா என்று அமைச்சிடம், எந்த முத்திரை இருந்தால் பதிவார் என்று திருச்சி சார்பதிவாளரிடம். கடைசியில் கடதாசியை ஏற்றுப் பதிகிறவர்தான் முடிவு சொல்கிறவர்.

அக்கரைப்பற்று
நொச்சிமுனை சொன்னது சரி. ஆனால் கடதாசி எழுத முதல் ஒன்று: உங்கள் அம்மாவிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு? இலங்கைப் பிரஜை இந்தியாவில் அசையாச் சொத்து வாங்கவோ கைமாற்றவோ இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு. அற்றோணி கையெழுத்து வைத்தாலும் விற்கிறவர் அம்மாதான், ஆகவே அந்தக் கட்டுப்பாடு மாமாவின் கையெழுத்தையும் தொடரும். எல்லா முத்திரையும் வாங்கி முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதுதான் பெரிய இடி.

கல்லடிவாசி
நன்றி அண்ணே. அம்மா பிறந்தது திருச்சி, கலியாணத்துக்குப் பிறகு இலங்கைப் பிரஜாவுரிமை எடுத்தவ. இந்தியக் கடவுச்சீட்டு இப்போது இல்லை.

அக்கரைப்பற்று
அப்படியென்றால் முதல் வேலை அதுதான். முன்னர் இந்தியப் பிரஜையாக இருந்தவர் என்பதால் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியப் பிரஜை) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அட்டை உள்ளவருக்கு இந்தத் தடை பொருந்தாது. இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி அனுமதி. திருச்சியில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து எது உங்களுக்குச் சுருக்கமான வழி என்று கேளுங்கள். அதுவரை வாங்குபவரிடம் முற்பணம் வாங்க வேண்டாம்.

நொச்சிமுனை
அது தீர்ந்த பிறகு வாசகம். பொதுத் தத்துவம் வேண்டாம், இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் விசேட தத்துவம் போதும். சர்வே எண், நான்கு எல்லை, பரப்பளவு, சார்பதிவாளர் அலுவலகம், பழைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் எல்லாம் மூலப் பத்திரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். அதிகாரங்களில் விற்க, பத்திரத்தில் கையெழுத்திட, சார்பதிவாளர் முன் தாக்கல் செய்து ஒப்புக்கொள்ள, பணம் பெற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுக்க என்று தனித்தனியே வரட்டும். ஒன்று விடுபட்டால் அந்த இடத்தில் வேலை நின்றுவிடும்.

பெயர்தான் கூடுதலாகச் சிக்கும். பத்திரத்தில் தகப்பன் பெயரோடு இருக்கும், இங்கே அடையாள அட்டையில் புருஷன் பெயரோடு இருக்கும். இரண்டையும் எழுதி இருவரும் ஒருவரே என்று தத்துவத்திலேயே குறிப்பிடுங்கள். தமிழ்நாட்டில் தமிழ்ப் பத்திரம் செல்லும். ஆனாலும் கொழும்பில் முத்திரை குத்துகிறவர் வாசிக்க ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது.

இந்தியா போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், முத்திரைச் சட்டம் 1899, பிரிவு 18. பிந்தினால் அபராதம். கூரியர் உறையையும் ரசீதையும் மாமா எறியாமல் வைத்திருக்க வேண்டும், வந்த திகதிக்கு அதுதான் சாட்சி. விற்பனைப் பத்திரம் பதியும் நாளில் அம்மா உயிரோடு இருப்பதற்கான புதிய சான்றிதழும் கேட்பார்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் செல்லாது.

ஸ்கேன் எடுக்கப் பக்கங்களின் பின்னைக் கழற்ற வேண்டாம், லேமினேட்டும் செய்ய வேண்டாம். பக்கங்களை இணைத்துக் குத்திய முத்திரை பிரிந்தால், உள்ளே தாள் மாற்றியதாக நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.