சிங்கப்பூர் வொர்க் பெர்மிட்ல 14 வருசம்தான் இருக்கலாம்ங்கற கணக்கு இனிமே இல்லையாமே, உண்மையா?

அறந்தாங்கி_பையன்:
வணக்கம். எங்க சித்தப்பா 2011ல ஸ்கில் டெஸ்ட் அடிச்சு சிங்கப்பூர் போனாரு, கன்ஸ்ட்ரக்ஷன் வேலை பெர்மிட், ஆர்2 (அடிப்படைத் திறன் லெவல்) தான், வயசு 47. 2025 அக்டோபர் 18 பெர்மிட் முடியுது, அதோட 14 வருசமும் முடியுதுன்னு ஊருக்கு வர்ற முடிவுல சாமானெல்லாம் வாங்கிட்டாரு. இப்ப என்னடான்னா ரூல் மாத்திட்டாங்க, இன்னும் இருக்கலாம்னு டார்ம்ல (தங்குற விடுதில) பேசிக்கிறாங்களாம். இதுக்கு நடுவுல திருச்சில ஒரு ஏஜெண்ட் "புது ரூல் கோட்டா"ல போட்டுத் தர்றேன் ஒன்றரை லட்சம்னு சித்திகிட்ட பேசிட்டு போயிருக்கான், சித்தி நகையை அடகு வைக்கலாமான்னு கேக்குது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூரோங்_மணி:
தம்பி முதல்ல நகை பீரோவை விட்டு வெளிய வரக்கூடாது. ரூல் மாறுனது உண்மைதான். 2025 ஜூலை 1லேர்ந்து இத்தனை வருசம்தான் வேலை பாக்கலாம்ங்கற கணக்கையே எடுத்துட்டாங்க. முன்னாடி ஆர்2க்கு 14, ஆர்1க்கு (அதுக்கு மேல் திறன் லெவல்) 26 வருசம். வயசும் 60லேர்ந்து 63 ஆக்கிட்டாங்க. இதுல கோட்டான்னு ஒண்ணும் கிடையாது, அவரு அங்கயே இருக்காரு, ரினியூ போட வேண்டியது இப்ப இருக்குற கம்பெனி. ஊர்ல இருக்குற ஏஜெண்ட்டுக்கு இதுல என்ன வேலை?

லாரி_செல்வம்:
மணி அண்ணன் சொன்னது சரி, ஆனா ஒரு விசயத்த விட்டுட்டாரு. ரூல் "இருக்கலாம்"னு சொல்லுது, முதலாளி வச்சுக்கணும்னு சொல்லல. நம்ம நாட்டு ஆளுங்களுக்கு ஆர்2ன்னா மாசம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லெவி, அதாவது முதலாளி அரசாங்கத்துக்கு கட்டுற வரி, ஆர்1ன்னா 500 (2024 ஜனவரிலேர்ந்து). ஒரு ஆளுக்கு மாசம் 400 வெள்ளி வித்தியாசம், முதலாளி அதத்தான் பாப்பான். சித்தப்பா ஆர்1க்கு மாறுறதுதான் வழி. 6 வருச அனுபவம், மாச நிலையான சம்பளம் 1600 வெள்ளி இருந்தா கம்பெனியே ஆர்1க்கு மாத்தலாம், 14 வருசம் ஓட்டுன ஆளுக்கு அனுபவம் பிரச்சினையே இல்ல, பேசிக் சம்பளத்த ஏத்துவானாங்கறதுதான் கேள்வி. லெவிய சம்பளத்துல பிடிக்கிறேன்னு சொன்னா ஒத்துக்க வேணாம், அது சட்டப்படி தப்பு. ரினியூ பண்ண காசு கேட்டாலும் தப்பு.

தஞ்சை_குக்:
குறுக்க வர்றேன் மன்னிக்கவும். 2025 செப்டம்பர் 1லேர்ந்து குக் வேலைக்கு நம்ம ஆளுங்கள இந்தியன் ரெஸ்டாரண்ட் மட்டும் இல்லாம எல்லா சாப்பாட்டுக் கடைலயும் எடுக்கலாம்னாங்களே, மச்சானுக்கு ட்ரை பண்ணலாமா?

ஜூரோங்_மணி:
@தஞ்சை_குக் ஆமா, ஆனா சம்பளம் 2000 வெள்ளிக்கு குறையக்கூடாது, அதுபோக கம்பெனி ஆளுங்கள்ல 8 சதவீதத்துக்கு மேல இப்படி எடுக்க முடியாது. சின்னக் கடைல கஷ்டம். தனி த்ரெட் போடுங்க பாஸ்.

@அறந்தாங்கி_பையன் கம்பெனி ரினியூ மாட்டேன்னா வேற கம்பெனிக்கு மாறலாம். பெர்மிட் முடியறதுக்கு 40 நாள் முன்னாடிலேர்ந்து 21 நாள் முன்னாடி வரைக்கும் பழைய முதலாளி சம்மதம் இல்லாமலே புது கம்பெனி அப்ளை பண்ணலாம். அவருக்கு செப்டம்பர் 8லேர்ந்து 27 வரைக்கும். அதைத் தாண்டுனா பழைய முதலாளி சரின்னு சொன்னாத்தான்.

அறந்தாங்கி_பையன்:
அண்ணன்களுக்கு நன்றி. சித்தப்பாகிட்ட பேசிட்டேன், பேசிக் 1450தான் போடுறாங்களாம், ஓடி (ஓவர்டைம்) பாத்து பாத்துதான் காசு. ஞாயித்துக்கிழமை மேனேஜர்கிட்ட 1600 கேக்கப் போறாரு. தராட்டி செப்டம்பர் 8க்கு மேல கூட்டாளி வேலை பாக்குற கம்பெனில பாக்கறேன்னாரு. ஏஜெண்ட் நேத்து மறுபடி போன் பண்ணி ஒன்னே கால் லட்சம் போதும்ங்கறான், சித்தி எடுக்கவே இல்ல.

லாரி_செல்வம்:
இன்னும் ரெண்டு நாள் விட்டா 50 ஆயிரத்துக்கு வந்துருவான் 😄 மேனேஜர் என்ன சொன்னாருன்னு மறக்காம போடுங்க, இங்க எங்க சைட்லயும் நாலு பேரு இதே கணக்குல நிக்கிறாங்க.