டெப்ரி ஃப்ளோவுக்கு என்ன சொல்? (அவசரம், திங்கள் அச்சு)

க.:
வணக்கம். மலைப்பகுதிக்கான மழைக்கால எச்சரிக்கைக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ஃப்ளாஷ் ஃப்ளட்டுக்குத் 'திடீர் வெள்ளம்' போட்டாயிற்று. டெப்ரி ஃப்ளோவில் சிக்கிக்கொண்டேன். கனமழையில் ஊறிய சரிவு பெயர்ந்து, மண்ணும் பாறையும் மரமும் நீரில் குழைந்து ஓடைவழியே பாய்வது. வரைவில் 'சிதைகூளப் பாய்வு' என்று எழுதியிருக்கிறேன். எழுதிய எனக்கே புரியவில்லை.

இரா.:
'காட்டாற்று வெள்ளம்' இருக்கத் 'திடீர்' எதற்கு? அது ஒலிக்குறிப்பு, கலைச்சொல்லில் உட்காராது. உங்கள் கேள்விக்கும் விடை சங்கத்தில் உண்டு. 'கல்பொருது இரங்கும் மல்லல் பேர்யாற்று' (புறம். 192). ஆகவே, கல்பொருவெள்ளம்.

ம.:
ஐயா, பூங்குன்றனார் பாட்டில் கல் கிடந்த இடத்தில் கிடக்கிறது, நீர்தான் போய் மோதுகிறது. இங்கே கல்லே கிளம்பி வருகிறது. பெரும்பாலும் கலவையில் பாதிக்கு மேல் திடப்பொருள், ஈரக் கான்கிரீட் மாதிரி. அந்தப் பாட்டில் வரும் புணை (தெப்பம்) இதில் மிதக்காது.

நான் நிலவியல் படித்தவள், இலக்கணம் அரைகுறை. ஆனால் 'வெள்ளம்' என்று முடியும் எந்தச் சொல்லும் வேண்டாம் என்பேன். வெள்ளம் என்றதும் மாடிக்கு ஏறத்தான் தோன்றும். இது வீட்டையே பெயர்த்துவிடும். ஓடைப்பாதையை விட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்கு விலகவேண்டும். அதற்கு நேரமில்லாவிட்டால்தான் மாடி, அதுவும் சரிவுக்கு எதிர்ப்பக்க அறை. இன்னொன்று: மழை விடாமல் பெய்யும்போது ஓடையில் நீர் சட்டென்று குறைந்தால் நிம்மதியடையக் கூடாது. மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கலாம். அது உடைந்தால் மொத்தமும் வரும். கையேட்டில் இது இல்லையென்றால் சேருங்கள், பெயர் எதுவானாலும்.

வெ.:
வெள்ளம் என்றதும் நினைவுக்கு வருகிறது: பரிபாடலில் அது ஒரு பேரெண். மலையாளத்தில் வெறும் தண்ணீர். குடிக்கக் கேட்டாலும் வெள்ளம்தான்! அவர்கள் இதற்கு 'உருள்பொட்டல்' என்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமே?

க.:
நமக்குப் பொட்டல் என்றால் வெட்டவெளி. பாதுகாப்பான இடம் என்று அங்கே போய் நின்றுவிடுவார்கள்.

சா.:
'உருள்' நல்ல வேர். அதை விடாதீர்கள். உருட்சேறு?

இரா.:
உருள்சேறு! வினைத்தொகையில் 'ள்' 'ட்' ஆகத் திரியாது. 'உருள்பெருந்தேர்க்கு' என்றுதான் குறள் 667. உருட்பெருந்தேர் என்றா படித்தீர்கள்?

சா.:
உருள் பெயர்ச்சொல்லும்தான் ஐயா, சக்கரம் என்ற பொருளில். அப்போது முட்செடி போலத் திரியும்.

இரா.:
சக்கரச் சேறா? நன்றாயிருக்கிறது!

ந.:
நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'நிலச்சரிவு' என்று போட்டுவிட்டுப் போங்களேன். எல்லாருக்கும் தெரிந்த சொல்.

ம.:
தெரிந்த சொல்தான், அதுவே சிக்கல். சரிவின் அடியில் இருப்பவர் மட்டுமே பயப்படுவார். இது சரிவு கண்ணுக்கே தெரியாத தொலைவுக்கும் ஓடைவழியே இறங்கிவரும். பள்ளத்தாக்கின் வாயில் விரிந்து பரவும் சமதளத்தில்தான் பல ஊர்கள் உட்கார்ந்திருக்கின்றன.

ந.:
சரி, பின்வாங்குகிறேன். ஆனால் புணர்ச்சி விதி தெரியாதவரும் வாய்விட்டுப் படிக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள்.

க.:
நாளை காலை அச்சு. 'கற்சேற்றுப் பெருக்கு' என்று வைக்கிறேன். ம., சா., வெ. மூவரும் சரி என்று தனிமடலில் சொன்னார்கள் (வெ. சற்று அலுப்போடு). முதல் இடத்தில் 'கல்லும் சேறும் மரமும் ஓடைவழியே பாய்ந்து வருதல்' என்று விளக்கமும் உண்டு. ஓடை நீர் குறைவது பற்றிய வரியை அட்டையிலேயே போடச் சொல்லிவிட்டேன்.

ந.:
'கற்சேறு' வாயில் கடிக்கிறது. 'கல்சேறு' என்றால் குடிமுழுகாது.

இரா.:
முழுகும். மற்றபடி, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. அந்தத் 'திடீர்' இன்னும் அப்படியே இருக்கிறதே? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.