பஞ்சாலைப் பிள்ளைகள் வேலை பார்த்த இடங்கள்: போய்ப் பார்த்தவர்கள் பகிர்ந்தவை

மான்செஸ்டரிலிருந்து

மான்செஸ்டர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டையல் என்ற ஊர். அங்கே பாலின் ஆற்றங்கரையில் குவாரி பேங்க் ஆலை இருக்கிறது. 1784இல் சாமுவேல் கிரெக் தொடங்கிய பஞ்சாலை, இப்போது பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் அருங்காட்சியகம். வருகிறவர்களில் பலர் தண்ணீர்ச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி ஒரு வெள்ளை வீடு நிற்கிறது. அதைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆலையில் வேலை செய்யக் கொண்டுவந்த பிள்ளைகளைத் தங்கவைக்க 1790இல் கட்டிய வீடு அது. ஒரு சமயத்தில் தொண்ணூறு, நூறு பிள்ளைகள் வரை இருந்திருக்கிறார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். பெற்றோர் இல்லாதவர்கள், அல்லது பெற்றோரால் வளர்க்க முடியாமல் ஏழை விடுதியில் விடப்பட்டவர்கள். அந்த விடுதிகளை நடத்திய ஊர்ச் சபைகளுக்குப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவு மிச்சமாக வேண்டும், முதலாளிக்கு வேலை செய்ய ஆள் வேண்டும். அதனால் சபையே உடுப்பும் பணமும் கொடுத்து அனுப்பியது. மருத்துவர் சோதித்துத் தேறிய பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒப்பந்தக் காலம் முடியும்வரை வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை. சம்பளம் கிடையாது, கூடுதல் நேரம் பார்த்தால் சில்லறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை வில்ம்ஸ்லோ தேவாலயத்துக்கு நடக்க வேண்டும்.

கிரெக்கை அந்தக் காலத்திலேயே நல்ல முதலாளி என்றுதான் சொன்னார்கள். அது பொய்யில்லை. கஞ்சி கெட்டியாக இருந்தது, வைத்தியம் பார்த்தார்கள், இரவில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற ஆலைகளில் இருந்ததுபோல அடி இங்கே இல்லை. அதனாலேயே இந்த இடம் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. கொடூரமான மேஸ்திரி ஒருவன் இருந்திருந்தால் பழியை அவன் தலையில் போட்டுவிடலாம். இங்கே அப்படிப் போட ஆள் இல்லை.

1806இல் ஜோசப் செஃப்டன், தாமஸ் பிரீஸ்ட்லி என்ற இரண்டு பையன்கள் இங்கிருந்து தப்பி லண்டனுக்கே போய்விட்டார்கள். பிரீஸ்ட்லிக்குப் பதின்மூன்று வயது. இயந்திரத்தில் ஒரு விரல் போயிருந்தது. பிடிபட்ட பிறகு அவர்கள் நீதிபதிகள் முன்னால் சொன்னது பதிவாகியிருக்கிறது. ஆலையைப் பற்றிப் பெரிதாகக் குறை சொல்லவில்லை. காயம் ஆறும்வரை படுத்திருந்தபோது அம்மா நினைப்பு வந்தது, பார்க்க வேண்டும்போல இருந்தது, அதனால் கிளம்பினேன் என்றான் பிரீஸ்ட்லி. இருவரையும் அதே ஆலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1836இல், எஸ்தர் பிரைஸ் என்ற பெண் ஓடிப்போய்த் திரும்பியபோது ஜன்னலைப் பலகை வைத்து அடைத்த அறையில் பூட்டிவைத்தார்கள். அதுவும் இதே நல்ல ஆலையில்தான்.

ஆலைக்குள்ளே மியூல் என்ற பழைய நூற்பு இயந்திரத்தை ஓட்டிக் காட்டுகிறார்கள். நூல் சுற்றும் கதிர்கள் பொருத்திய நீண்ட வண்டி தரையில் முன்னும் பின்னும் போய்வரும். வெளியே வரும்போது நூல் இழுபட்டு முறுக்கேறும், உள்ளே போகும்போது சுற்றிக்கொள்ளும். அறுந்த இழையை ஒட்டும் பிள்ளை அந்த வண்டியோடு நாள் முழுக்க நடக்க வேண்டும். இன்னும் சின்னப் பிள்ளை, நூலுக்கு அடியில் தரையோடு தரையாக ஊர்ந்து பஞ்சுத் தூசியைக் கூட்டி எடுத்து, வண்டி திரும்புவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பெரியவர் யாரும் அதற்குள் நுழைய முடியாது. அதற்காகத்தான் பிள்ளைகளை வைத்தார்கள் என்று எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் சொன்னார்.


கோயமுத்தூரிலிருந்து

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. கடைசியில சொன்னதுல மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லீங்க. நான் ஸ்பின்னிங் மில்லுல ரிங் ஃபிரேம்ங்கற நூற்பு மெஷின் டிபார்ட்மெண்டுலயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். மியூலை நேர்ல பார்த்ததில்லை. ஆனா மெஷினுக்கு அடியில பஞ்சு சேர்றது எல்லா மில்லுலயும் உண்டுங்க. மெஷினை நிறுத்திப்போட்டா நீளக் கழி விட்டுப் பெரிய ஆளே எடுத்துரலாம். நிறுத்துனா உற்பத்தி போகும், அதுதான் சங்கதி. ஓடுற மெஷினுக்கு அடியில எடுக்கோணும்னு முடிவு பண்ணுனப்புறம்தான் சின்ன உடம்பு தேவைப்படுது. சின்னப் பையன் வேணும்னு மெஷின் கேக்கலீங்க.

இன்னொண்ணும் சொல்றேன். எங்க மில்லுல டாஃபர் வேலைன்னா, நூல் சுத்தி நிறைஞ்ச பாபின் கட்டையைப் புடுங்கிட்டுக் காலி பாபினை மாட்டறது. கை சுறுக்கா இருக்கோணும், அவ்வளவுதான். சைடர் வேலையும் அப்படித்தான், அறுந்த இழையைக் கண்ணு உடனே புடிக்கோணும், விரல் ஒட்டோணும். இதுல எதுக்கும் பன்னெண்டு வயசு பத்து வயசுன்னு ஒரு தேவையும் இல்லை. கூலி குறைச்சல், எதுத்துப் பேசாது, சங்கம் சேராது. வேற காரணம் இருந்தா யாராச்சும் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

நம்ம நாட்டுச் சட்டமும் இதுல வருது. 1881 தொழிற்சாலைச் சட்டத்துல ஏழு வயசுக்குக் கீழ வேலைக்கு வெக்கக் கூடாதுன்னு போட்டாங்க. ஏழு முடிஞ்சா ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். பம்பாய் மில்லுகளை மனசுல வெச்சுப் போட்ட சட்டம். அதைக் கொண்டாரச் சொல்லி நெருக்குனதுல இங்கிலாந்து லங்காஷயர் மில் முதலாளிகளும் உண்டு, பம்பாய்ல மலிவா நூல் ஓடுனா அவங்க சரக்கு விக்காதே. 1891ல வயசை ஒன்பதாக்கி, பதினாலு வரைக்கும் ஏழு மணி நேரம்னு குறைச்சாங்க. எந்த எண்ணத்துல கொண்டாந்திருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு ரெண்டு மணி நேரம் மிச்சமாச்சு, அதை நான் குறைச்சுப் பேச மாட்டேன்.


பாஸ்டனிலிருந்து

கோவை ஐயா சொன்னதற்கு இங்கே சாட்சி இருக்கிறது.

ரோட் ஐலண்டில் பாட்டக்கெட் என்ற ஊருக்குப் போயிருந்தோம். இங்கிலாந்தில் பெல்பர் ஆலையில் தொழில் கற்ற சாமுவேல் ஸ்லேட்டர், இயந்திர அமைப்பை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து 1790இல் நூற்பைத் தொடங்கிய ஊர். தண்ணீர் விசையில் ஓடிய அந்த ஆலையில் முதலில் வேலைக்கு எடுத்தது ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள ஒன்பது பிள்ளைகளை. இயந்திரத்தோடு சேர்த்து ஆள் எடுக்கும் முறையும் கடல் தாண்டி வந்துவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்களைப் பற்றி. 1908இலிருந்து, பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகத் தென் மாநிலப் பஞ்சாலைகளில் எடுத்தவை. ஒரு கண்காட்சியில் பெரிய அளவில் பார்த்தேன். ஜார்ஜியாவில் மேகான் ஊர் ஆலையில் 1909இல் எடுத்த படத்தில் இரண்டு சிறுவர்கள் வெறுங்காலோடு ரிங் ஃபிரேமின் மேல் ஏறி நிற்கிறார்கள். தரையில் நின்றால் எட்டாது. இழையை ஒட்டவும் பாபினை மாட்டவும் இயந்திரத்தின் மேலேயே ஏற வேண்டும் என்று ஹைன் குறிப்பு எழுதியிருக்கிறார். ஐயா, இங்கே சின்ன உடம்பு வேலைக்கு இடைஞ்சல். அப்படியும் அவர்களைத்தான் வைத்திருந்தார்கள்.

இன்னொரு படம், வட கரோலினாவில் ஒரு சிறுமி. உயரம் 51 அங்குலம், கூலி நாளுக்கு 48 சென்ட், சில நாள் இரவு வேலையும் உண்டு. வயது என்ன என்று கேட்டதற்குத் தயங்கி, ஞாபகம் இல்லை என்றாளாம். பிறகு ரகசியமாக, வேலை செய்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் செய்கிறேன் என்றாளாம். என் மகளுக்கும் இப்போது அந்த உயரம்தான். அதற்கு மேல் அந்தக் கூடத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

பிள்ளைகளின் வேலையைக் கட்டுப்படுத்த இங்கே நாடு முழுவதற்குமான சட்டம் நிலைத்தது 1938இல்தான்.


மான்செஸ்டரிலிருந்து

ஐயா, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இங்கிலாந்துச் சட்டங்களை வரிசையாக எடுத்து வைத்தாலும் அதுதான் தெரிகிறது. 1819இல் பஞ்சாலைகளுக்கு ஒன்பது வயது என்று வரம்பு வைத்தார்கள், போய்ப் பார்க்க அதிகாரி இல்லை. 1833இல்தான் நாடு முழுவதற்கும் நான்கு ஆய்வாளர்களை நியமித்தார்கள். அப்போதும் பட்டு ஆலைகளுக்கு வயது வரம்பில் விலக்கு. பிறப்புப் பதிவு 1837இல்தான் வந்தது. அதுவரை மருத்துவர் பிள்ளையின் உடல்வளர்ச்சியைப் பார்த்து, இது ஒன்பது வயதுபோல இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தால் போதும். ஓடும் மியூல் வண்டிக்கு இடையில் பிள்ளைகள் வேலை செய்யக் கூடாது என்று 1844இல் தடை வந்தது. அதனால் நூல் வியாபாரம் நின்றுவிடவில்லை. ஆனால் அதே சட்டம் குறைந்தபட்ச வயதை ஒன்பதிலிருந்து எட்டாகக் குறைத்தது, அரை நாள் வேலை என்ற கணக்கில்.

கோடையில் வருகிறவர்கள் டெர்பிஷயர் பக்கம் லிட்டன் ஆலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஏழை விடுதியிலிருந்து 1799இல், ஏழு வயதில் அனுப்பப்பட்ட ராபர்ட் பிளின்கோ முதலில் நாட்டிங்காம் அருகே லௌதம் ஆலையிலும் பிறகு லிட்டனிலும் வளர்ந்தவர். வறுத்த மாட்டிறைச்சி கிடைக்கும், வெள்ளிக் கடிகாரம் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்துப் போனார்களாம். லிட்டனில் பட்டினியும் அடியும்தான். பிற்காலத்தில் சொந்தமாகத் தொழில் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தார். 1833இல் ஆலைப் பிள்ளைகளைப் பற்றி அரசு விசாரணைக்கு வந்தவர்கள் உங்கள் பிள்ளைகளை ஆலைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டபோது, அதைவிட அவர்களை நாடு கடத்துவதே மேல் என்றார்.

லிட்டன் ஆலை இப்போது குடியிருப்பு, உள்ளே போக முடியாது. மான்சல் நடைபாதையில் வந்தால் வெளியிலிருந்து பார்க்கலாம். குவாரி பேங்கில் பிள்ளைகளின் வீட்டை வழிகாட்டியோடுதான் காட்டுவார்கள், போய் இறங்கியதும் அதற்கு முதலில் நேரம் கேட்டுவிடுங்கள்.