டெக்சாஸ் மான் வேட்டை: குத்தகை விஷயத்திலும் ரைஃபிளிலும் யோசனை தேவை

டெக்சாஸின் நடுவிலுள்ள குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரியில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு நிலம் குத்தகை எடுத்துப் பழகியவர்கள் கொஞ்சம் உதவுங்கள். மாநிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம் என்பதால் உரிமையாளர் சொன்னதுதான் விலை. அதுவும் வருஷா வருஷம் ஏறுகிறது. ஏக்கர் கணக்கில் பேசுவது நல்லதா, ஆளுக்கு இவ்வளவு என்பதா? மானை வரவழைக்கப் போடும் தீவனச் செலவு, விருந்தாளிகளின் எண்ணிக்கை, ஆளுக்கு எத்தனை மான் என்பதையெல்லாம் எழுதிக்கொள்கிறீர்களா? வாய்ப்பேச்சில் விட்டால் சீசன் நடுவில் சண்டைதான். குத்தகைக்குப் பதிலாக, பொது வேட்டை நிலங்களுக்கான 48 டாலர் ஆண்டு அனுமதி மலிவு, ஆனால் அந்த நிலங்கள் எல்லாவற்றிலும் ரைஃபிளுக்கு இடமில்லை.

என் ரைஃபிள் 308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவுக்கானது, போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது), குழலைத் தாங்கும் கட்டை மரம், குண்டின் எடை 150 கிரெய்ன். 100 கெஜத்தில் முதல் மூன்று குண்டும் ஓர் அங்குலத்துக்குள். குழல் சூடானதும் நான்காவது, ஐந்தாவது இடது மேல்பக்கம் ஏறுகின்றன. ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) பிடிக்கும் வளையத் திருகுகள் 18 இஞ்ச்-பவுண்டு இறுக்கத்தில் சரியாக இருக்கின்றன. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே டாலர் நோட்டை இழுத்தால் முன்முனையில் சிக்குகிறது, அதாவது அங்கே குழல் கட்டையில் உரசுகிறது. அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, மெழுகெண்ணெய் பூசினால் போதுமா, எப்பாக்சி பெட்டிங்கும் (ரைஃபிளின் உலோகப் பாகம் கட்டையில் அசையாமல் உட்கார எப்பாக்சி பசை ஊற்றுவது) வேண்டுமா? மானுக்கு முதல் குண்டுதான் கணக்கு, சரி. நவம்பர் ஈரத்தில் கட்டை ஊதினால் அதுவுமல்லவா விலகும்?