ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே ஹெரால்டு: முன்பக்கம் எத்தனை பவுண்டு ஸ்பிரிங் போடலாம்?

ஹெரால்டு67

வணக்கம். வண்டி 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மெட்ராஸ் தயாரிப்பு, 948 சிசி. வழக்கமாக ஓடுவது ஜி.எஸ்.டி. ரோட்டில். டிராக் டே (சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்) வந்தால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். ஒரிஜினல் முன் காயில் ஸ்பிரிங்கோடு டிராக்கில் பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் முழுசாக அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் (கடைசித் தடுப்பு ரப்பரில்) இடிக்கிறது. இங்கிலாந்துக் கடைகளின் கேட்லாக்கில் 330 பவுண்டு ஸ்பிரிங் (ஒரு இஞ்ச் அமுங்க 330 பவுண்டு பாரம் வேண்டும்) இருக்கிறது. அதை வாங்கிப் போட்டு, பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூடுதலாகச் சேர்த்தால் போதுமா? முன்பக்கத்தை 15 மி.மீ. இறக்கவும் எண்ணம். முன் டாம்பரில் (ஷாக் அப்சார்பரில்) ஸ்பிரிங் சீட்டைத் திருகி ஏற்றி இறக்கலாம்.

நாலாவது கியர்

பின்னால் பிளேட் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் முன்பக்கம் பேச வேண்டும்.

ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். ஆக்ஸில் டிஃபரன்ஷியல் அருகே மட்டும்தான் மடங்கும், அதனால் சக்கரம் கீழே இறங்க இறங்க அதன் அடிப்பாகம் உள்ளே போகும். இந்த வண்டியின் அகலத்துக்கு 8, 9 மி.மீ. இறங்கினாலே கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) ஒரு டிகிரி மாறும். திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் மேலே எழும்பும். 25 மி.மீ. எழும்பினால் கிட்டத்தட்ட 3 டிகிரி போச்சு. டயர் ஓரத்தில் நிற்கும், வால் சுற்றிவிடும். கூடுதல் பிளேட் இரண்டு கெடுதலைச் சேர்த்துச் செய்கிறது. நிற்கும்போதே வண்டியின் பின்பக்கத்தை உயர்த்திவிடுகிறது. திருப்பத்தில் பின் வெளிச்சக்கரத்தின் மேல் விழும் பாரத்தையும் கூட்டுகிறது.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். டிஃபரன்ஷியலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் லோயரிங் பிளாக் (பின்பக்கத்தை இறக்கும் கட்டை), அதற்கேற்ற நீள ஸ்டட். டிரைவர் உட்கார்ந்த நிலையில் பின் கேம்பர் மைனஸ் 2 டிகிரிக்கு (சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாய்ந்து) வர வேண்டும். சாய்வைத் தடுக்கும் வேலை முழுவதையும் முன்பக்கம் ஏற்கட்டும். ஹெரால்டை வடிவமைத்த ட்ரையம்ஃப் நிறுவனமே 1970 இறுதியில் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில் இதைத்தான் செய்தது: நடுவில் புரளக்கூடிய ஸ்விங் ஸ்பிரிங் பின்னால், தடித்த ஆன்ட்டி ரோல் பார் (இரு சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி) முன்னால்.

முன் ஸ்பிரிங் எண்ணைச் சொல்ல நான்கு அளவுகள் வேண்டும். நான்கு மூலையின் எடை (டிரைவர், பாதி டேங்க் பெட்ரோலோடு). சக்கரம் 50 மி.மீ. ஏறும்போது டாம்பர் எவ்வளவு சுருங்குகிறது. நின்ற நிலையிலிருந்து டாம்பர் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு போகிறது. கடைசியாக, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே 80 கிலோ மணல் மூட்டை வைத்தால் உடல் எத்தனை மி.மீ. இறங்குகிறது. லீஃப் பிளேட்டுகள் உரசிப் பிடித்துக்கொள்ளும் என்பதால், ஏற்றும்போது ஒன்றும் இறக்கும்போது ஒன்றும் அளந்து சராசரி எடுங்கள்.

ஹெரால்டு67

அளந்துவிட்டேன். முன்னால் ஒவ்வொரு சக்கரத்திலும் 220 கிலோ, பின்னால் 205. சக்கரம் 50 ஏறினால் டாம்பர் 30 சுருங்குகிறது. நின்ற நிலையிலிருந்து டாம்பருக்கு மேல்நோக்கி 40 மி.மீ., கீழ்நோக்கி 50 மி.மீ. இருக்கிறது. பின்னால் 80 கிலோவுக்குச் சராசரி 27 மி.மீ. பழைய முன் ஸ்பிரிங் பிரஸ்ஸில் சோதித்ததில் 150 பவுண்டு.

நாலாவது கியர்

நல்ல அளவுகள். கிலோ கணக்கிலேயே போடுகிறேன்; 56 பவுண்டு ஸ்பிரிங் என்பது மி.மீ.க்கு 1 கிலோ.

முன்னால் 220-ல் சக்கரம், பிரேக், பாதி விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கை) என்று 30 கிலோ கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 190. டாம்பர் விகிதம் 30/50, அதாவது 0.6. சக்கரத்தில் உணரும் விறைப்புக்கு இதை இருமுறை பெருக்க வேண்டும்: 0.36. இதை மறந்துவிட்டு கேட்லாக் எண்ணை அப்படியே ஒப்பிடுவதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். அதிர்வெண்ணுக்கு (ஸ்பிரிங் மேல் உடல் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதற்கு) சுருக்கு வழி: சக்கர விறைப்பை எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 15.76-ஆல் பெருக்குங்கள்.

இப்போதிருக்கும் 150 பவுண்டில் 1.12 ஹெர்ட்ஸ். 250 போட்டால் 1.45. 330 போட்டால் 1.67. பின்னால் சக்கரத்துக்கு 40 கிலோ, 27 மி.மீ., அதாவது மி.மீ.க்கு 1.48 கிலோ, தாங்கும் எடை 170 என்று வைத்தால் 1.47 ஹெர்ட்ஸ். மேடு பள்ளத்தில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று துரத்தாமல் இருக்க, பின்பக்க எண் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். 250 பவுண்டு அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. 330 போட்டால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் முன்பக்கம் துள்ளும்.

பிரேக் கணக்கும் பாருங்கள். வீல்பேஸ் 2324 மி.மீ., எடை மையம் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. என்று கொண்டால், 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு) பிரேக்கில் ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் 73 கிலோ கூடுதலாக வரும். பழைய ஸ்பிரிங் அதற்கு 76 மி.மீ. இறங்கப் பார்க்கும், உங்களுக்கு இருப்பதோ 67 (டாம்பரின் 40-ஐ 0.6-ஆல் வகுத்தது). அதனால்தான் இடிக்கிறது. 250 என்றால் 45 மி.மீ. 15 மி.மீ. இறக்கிய பிறகும் 52 மிச்சம் இருப்பதால் போதும், ஆனால் அதற்குமேல் இறக்க இடமில்லை.

ஸ்லிக் டயர்

டிராக்கில் 1.45 ஹெர்ட்ஸ் மெத்தென்றுதான் இருக்கும். நான் 280-க்கு வாக்களிப்பேன். ஜப்பான் ஸ்பிரிங்குகளில் 5 கிலோ என்று கிடைப்பது அதுதான். ஸ்பீடு பிரேக்கர்களை மெதுவாகக் கடந்தால் சமாளிக்கலாம்.

நாலாவது கியர்

டிராக்குக்கு மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். இவருக்கு அந்த மிச்ச விறைப்பை ஆன்ட்டி ரோல் பார் கொடுக்கட்டும். அது முக்கியமாகத் திருப்பத்தில்தான் வேலை செய்யும், நேர் ரோட்டில் இரு சக்கரமும் சேர்ந்து ஏறும் மேட்டில் முதுகை உடைக்காது.

பட்டறைத் தம்பி

சார், இன்னொரு விஷயம் இருக்கு. ஸ்பிரிங் லூசாகுமா என்று பார்க்கணும். ஸ்பிரிங் மேல் விழும் பாரம் 190/0.6, அதாவது 317 கிலோ. 250 பவுண்டு ஸ்பிரிங் அதற்கு 71 மி.மீ. அமுங்கும், 330 என்றால் 54. உங்கள் டாம்பர் கீழே 50 இறங்கும். வண்டியை 15 மி.மீ. இறக்கினால் 15-ல் 0.6 பங்கு, அதாவது 9 கூடி, அது 59 ஆகும். ஆக 250-க்கு ஜாக் போட்டுத் தூக்கினாலும் 12 மி.மீ. பிடிப்பு மிச்சம். 330 அந்த நிலையில் 5 மி.மீ. லூசாகி சீட்டை விட்டு நகரும், திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரலாம். அதற்கு ஹெல்ப்பர் ஸ்பிரிங் (லூசாகும் இடைவெளியை நிரப்பும் மெல்லிய துணை ஸ்பிரிங்) தேவைப்படும். ஸ்பிரிங்கின் மொத்த நீளம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது.

நீளத்துக்கு: நின்ற நிலையில் சீட்டுக்குச் சீட்டு தூரம் பாருங்க, அதோட 71 கூட்டுங்க. 215 இருந்தால் 286 வரும், 11 இஞ்ச் ஸ்பிரிங் வாங்கி, கீழ் சீட்டை 7 மி.மீ. ஏற்றிக்கலாம்.

இங்கேயே சுருட்ட விட்டால் 10 மி.மீ. கம்பி, நடு விட்டம் 60, வேலை செய்யும் சுற்று பத்தரை. இது 250-க்கு வரும். உள்விட்டம் 50 ஆகும், உங்கள் சீட்டுக்குப் பொருந்துதா என்று முதலில் பாருங்க. கம்பி கனம் நாலாம் அடுக்கில் வேலை செய்யும். 10-க்குப் பதில் 10.5 போட்டால் விறைப்பு சுமார் 22 சதவீதம் ஏறிடும். பழைய ஸ்பிரிங்கை அளக்கும்போதும் பெயின்டைச் சுரண்டிட்டு வெர்னியர் வைங்க. வந்ததும் பிரஸ்ஸில் முதலில் 20 மி.மீ. அமுக்கி, அங்கிருந்து இன்னொரு 25.4 மி.மீ. அமுக்கிப் பாரம் எவ்வளவு கூடுதுன்னு பாருங்க. 113 கிலோ கூடணும். இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவில் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுங்க.

பழைய ஸ்பிரிங்கை வெட்டி இறக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். வெட்டின முனை சீட்டில் தட்டையாக உட்காராது. கேஸ் வெல்டிங்கில் சூடு காட்டி இறக்குவது இன்னும் மோசம், டெம்பர் (இரும்பின் பதம்) போய் சில மாதத்தில் தொய்ந்திடும்.

ஹெரால்டு67

அப்படியானால் 250, 11 இஞ்ச், பின்னால் பிளாக். டாம்பரை மாற்றணுமா? மாட்டும்போது வேறென்ன பார்க்கணும்?

நாலாவது கியர்

விறைப்பு 1.67 மடங்கு கூடுவதால் டாம்பிங் சுமார் 1.3 மடங்கு வேண்டும். உங்கள் டாம்பரில் திருகு இருந்தால் ரீபவுண்டை (டாம்பர் திரும்ப நீளும்போது தரும் தடுப்பை) கூட்டுங்கள். மேட்டைக் கடந்தபின் உடல் ஒருமுறை எழுந்து அமர்ந்தால் சரி. இரண்டாவது முறை ஆடினால் இன்னும் இரண்டு கிளிக். தொடர் குழிகளில் முன்பக்கம் அமுங்கிக்கொண்டே போனால் ரீபவுண்டு அதிகம், திருப்பி எடுங்கள்.

பட்டறைத் தம்பி

விஷ்போன் புஷ் போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்கணும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு உயரத்தைத் தூக்கிக் காட்டும், சீக்கிரம் கிழியும்.

கீழ் ட்ரன்னியனை (முன் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டை) கழற்றிப் பாருங்க. அதில் கிரீஸ் இல்லை, இ.பி. 90 கியர் எண்ணெய்தான் போகணும். உள்ளே தண்ணீர் போய் அதில் திருகி நிற்கும் வெர்டிகல் லிங்க் (செங்குத்துத் தண்டு) மரையில் துரு குழி விழுந்திருந்தால் டிராக் பாரத்தில் அங்கேதான் முறியும். சக்கரம் அப்படியே மடங்கிடும். சந்தேகம் இருந்தால் ஸ்பிரிங் வாங்கும் பணத்தை முதலில் அதற்குப் போடுங்க.

உயரம் மாறினதும் டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். டிரைவர் எடையை சீட்டில் வைத்து, முதலில் விஷ்போன் பிராக்கெட் ஷிம்மால் (மெல்லிய தகட்டால்) முன் கேம்பர், அப்புறம் டோ. 200 கி.மீ. ஓடினதும் ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும். அப்போ இன்னொரு தடவை உயரம் பார்த்து, டோவையும் சரி பண்ணிட்டு டிராக்குக்குப் போங்க.