முட்டியில் ஊசி குத்தி நீர் எடுக்கலாமா?

பாம்பன் கரை:
வயது 51. இதய வால்வு ஆபரேஷனுக்கு அப்புறம் கடலுக்குப் போவதில்லை, கரையில் ஏலம் பார்க்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். நாலு நாள் முன்னால் நடு ராத்திரியில் வலது முட்டி இளநீர்க் காய் மாதிரி வீங்கிவிட்டது. கைலி உரசினாலே உயிர் போகிறது. போன வருஷம் கால் கட்டைவிரலில் இப்படி வந்து தானாக அடங்கியது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.1தான். டாக்டர் முட்டி நீரை எடுத்துப் பார்த்தால்தான் கவுட் (யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் படிந்து வரும் வாதம்) என்று உறுதியாகும் என்கிறார். அம்மாவோ, "நீரை உறிஞ்சினா கால் மடங்காதுடா" என்று ஒரே அழுகை. ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று எனக்கும் பயம்.

லேப் தம்பி:
அண்ணே, பதினோரு வருஷமாக லேபில் இருக்கிறேன். வலி ஏறியிருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கிக் காட்டுவது உண்டு, அந்த 6.1ஐ நம்பாதீர்கள். கவுட் நீர் மஞ்சள் கலந்த கஞ்சித்தண்ணி மாதிரி வரும். ஒரு சொட்டைப் போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உப்பு ஊசி ஊசியாகத் தெரியும்; ஒரு வாக்கில் மஞ்சள், குறுக்கே திருப்பினால் நீலம்.

முட்டிக்குள் கிருமி புகுந்தாலும் இதே வீக்கம்தான், விட்டால் சில நாளிலேயே மூட்டு போய்விடும். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தும் வீங்கலாம். மூன்றில் எது என்று அந்த நீர்தான் சொல்லும். சுத்தமாகச் செய்தால் ஊசி வழியாகக் கிருமி உள்ளே போவது பத்தாயிரத்தில் ஒன்று என்கிற அளவுதான். குத்துகிற இடத்தில் தோலில் புண் இருந்தால் மட்டும் காட்டிவிடுங்கள். வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்துவிட்டு அதோடேயே எடுப்பார்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம், வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் போகும்.

கீழக்கரை காக்கா:
எனக்கு இரண்டு தடவை எடுத்தார்கள். முதல் தடவை கால் பெருவிரலில் குத்தி ஒரு சொட்டும் வரவில்லை, வலிதான் மிச்சம். முட்டியில் மரத்துப்போக ஊசி போட்டார்கள், எறும்புக்கடிதான். நீர் வெளியே வந்ததும் பாதி வலி போயிடுச்சு. உள்ளே நீர் திரும்ப ஊறிக்கொள்ளும், அம்மாவிடம் சொல்லுங்கள்.

பாம்பன் கரை:
நேற்று எடுத்தாச்சு. 30 மில்லி. தம்பி சொன்ன ஊசி உப்புதானாம்; கிருமி இருக்கா என்று கல்ச்சர் முடிவு நாளை மறுநாள். சூடை, நெத்திலி மீன்களைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஏலக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு எப்படி என்றுதான் தெரியவில்லை. அம்மா காலையிலிருந்து மூன்று தடவை முட்டியை மடக்கிக் காட்டச் சொல்லிவிட்டார்.